நல்லா கீது என்று நான் சொன்ன படம்

என் கையெழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கள்ளக்குறிச்சி கொட்டகைக்கு வரும் எல்லாப் படத்தையும் பார்ப்பேன். முக்கால்வாசி குமட்டும். சண்டைப் படத்தில் இருபது பேரை அடித்தவனுக்குத் தலை கலையாது. பேய்ப் படத்தில் பேய்க்கு முகமெல்லாம் பவுடர். பக்திப் படத்திலும் ஒரு கவர்ச்சி ஆட்டம். ஆனால் அடுத்த ஆட்டத்துக்கு வரிசையில் நிற்பவர்கள், வெளியே வரும் என்னிடம் "படம் எப்படிங்க?" என்றால், கூச்சத்தில் "நல்லா கீதுங்க" என்றுதான் சொல்வேன்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த சமயம் ஒரு குடும்பப் படம் வந்தது. படம் முழுக்க மாமியார் மருமகளுக்குச் சூடு போடும் அசிங்கம். தங்கை கேட்டபோதும் பழக்கத்தில் அதையே சொல்லிவிட்டேன். ஏழு மாதக் கர்ப்பிணி, அதை நம்பிக் கச்சிராயபாளையத்திலிருந்து வந்துவிட்டாள். பகல் ஆட்டம் முடிந்து இருவரும் வெளியே வந்தால், மறியலுக்காகச் சாலையில் புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை. நடந்தோம். பாதி வழியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இந்தக் கண்றாவிக்கா என்னை வரச் சொன்ன?"

"எனக்கும் புடிக்கலம்மா."

"அப்ப இன்னாத்துக்குண்ணா நல்லா கீதுன்ன?"

நான் கத்திக் கூப்பிட்டேன். மறியல் செய்தவர்களே ஓடிவந்து, ஒரு கரும்பு வண்டியை நிறுத்தி, வயல் வழியாக ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஏறும்போது அவர்களில் ஒருவர் என்னிடம் கேட்டார்.

"சினிமாவுக்கா போனீங்க? படம் எப்படி?"

"பாக்காதீங்க. வாந்தி வரும்."

அன்று முதல் வரிசையில் யார் கேட்டாலும் உள்ளதைச் சொல்கிறேன். டிக்கெட் கிழிப்பவர் முறைக்கிறார்.

இதை எழுதி முடித்தது, தங்கை மகளுக்குக் காது குத்திய தை மாதம் ஐந்தாம் தேதி.