லெட்சுமி அக்கா வழி தவறவில்லை

நேற்று மதியம் மண்டாய் தகனச் சாலையில் லெட்சுமி அக்காவை வழியனுப்ப நின்றவர்கள்: அவர் மகள் கவிதா, மருமகன், பேத்திகள் இருவர், அக்காவோடு பஸ் ஓட்டிய மூன்று பேர், நான். நம் மலையேறும் குழுவிலிருந்து வேறு யாரும் இல்லை.

ஆமாம்... அக்கா போய்விட்டார். மாரடைப்பு. அறுபத்து நான்கு வயது.

பூன் லேயில் அவர் குடியிருந்த அடுக்குமாடி புளோக் படிகளில் பத்துக் கிலோ அரிசியை முதுகில் கட்டிக்கொண்டு ஏறி இறங்கிப் பயிற்சி எடுப்பார். "என்ன ஆன்ட்டி, லிஃப்ட் வேலை செய்யலையா?" என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டால், "அது செய்யுது லா, நான்தான் ரிட்டயர் ஆயிட்டேன்" என்பார்.

அஸ்தி வாங்கக் காத்திருந்தபோது கவிதா என்னிடம் மெதுவாகக் கேட்டாள். "ஆன்ட்டி, கொரியாவில அம்மாதான் வழிய விட்டுட்டாங்களாமே... நெசமா?"

அதனால்தான் இந்தப் பதிவு.

இரண்டு வருஷத்துக்கு முன், மார்ச் பள்ளி விடுமுறை. பாதையே இல்லாத மலை. மரங்களில் இன்னும் இலை வரவில்லை. நிழலில் பனி, சருகுக்கு அடியில் ஐஸ். போனது நான்கு பேர். தலைவர் குணா, லெட்சுமி அக்கா, நான், என் தங்கை செல்வி.

உச்சியிலும் மரங்கள்தாம். நாலு பக்கமும் ஒரே மாதிரி. எந்தச் சரிவில் இறங்குவது என்பதைத் திசைகாட்டிதான் சொல்ல வேண்டும்.

குணா அதை வலது கையில் பிடித்தார். அந்தக் கையில் விரல் தடிமனில் இரும்புக் காப்பு.

"தம்பி, காப்பக் கழட்டிட்டுப் பாருங்க. இரும்பு முள்ள இழுக்கும்."

"அக்கா, இது சாமி காப்பு. பஸ் ஓட்டுறது வேற, இது வேற லா."

நூலகப் புத்தகங்களை வைத்து வரைபடம் படிக்க நானே கற்றுக்கொண்டவள். அக்கா சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். ஆனால் சாமி காப்பு என்றதும் வாயை மூடிக்கொண்டேன்.

அக்கா நகரவில்லை. "நீங்க போங்க. நான் இங்கேயே நின்னு விசில் அடிக்கிறேன். தப்புன்னு தெரிஞ்சா சத்தம் கேட்டு வந்துடுங்க."

நாற்பது நிமிஷம் இறங்கினோம். முடிவில் பாறை விளிம்பு. கீழே வெறும் காற்று... செல்வி அழுதுவிட்டாள்.

அந்த விசிலைப் பிடித்துக்கொண்டுதான் திரும்ப ஏறினோம். அக்கா ஈரச் சருகின்மேல் உட்கார்ந்திருந்தார், உதடு நீலம் பாய்ந்து. யாரையும் திட்டவில்லை. "வாங்க, டீ ஆறிடுச்சு" என்றார். பிறகு அவர்தான் எங்களை வேன் வரைக்கும் இறக்கிக் கொண்டுவந்தார்.

ஊர் திரும்பிய மறுநாள் குணா குரூப்பில் எழுதினார்: "லெட்சுமி அக்கா வழி தவறியதால் தாமதம். பாதுகாப்பு கருதி இனி அறுபதைத் தாண்டியவர்களைச் சேர்ப்பதில்லை." அடுத்த நிமிஷம் அக்கா குரூப்பிலிருந்து நீக்கப்பட்டார்.

அக்கா எனக்குப் போன் போட்டார். "நீ நோட்டுல எல்லாம் எழுதி வச்சிருக்கியே மா. குரூப்ல போடேன்."

"விடுங்கக்கா, எதுக்குச் சண்டை" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. படி ஏறுவதை மட்டும் விடவில்லை... யாராவது கூப்பிடுவார்கள் என்று.

இன்று காலை குணா அஞ்சலி எழுதியிருக்கிறார். "என் கையைப் பிடித்து உச்சி தொட்ட அக்கா"வாம். கீழே வரிசையாக இதயம் போடுகிறார்கள்.

விளக்கேற்றும்போது, எனக்குப் பொறுமை தராதே என்றுதான் முருகனிடம் கேட்டேன். கொடுக்கவில்லை. நன்றி முருகா.

பிள்ளையார் சுழி போட்டு, மணி, திசை, யார் எங்கே நின்றார் என்று அன்றன்றே எழுதிய பக்கங்களைப் படமெடுத்துக் கீழே போட்டிருக்கிறேன். செல்வியும் சாட்சி. இந்த மார்ச்சில் அதே மலைக்குக் குணாவோடு போகப் பெயர் கொடுத்த எல்லாரையும் டேக் செய்திருக்கிறேன். இரண்டு பேர் இப்போதே விலகிவிட்டார்கள். எனக்குச் சந்தோஷம். மறைக்க மாட்டேன்.

லெட்சுமி அக்கா, நான் பேசத் தாமதமாகிவிட்டது. போய் வாருங்கள்.

மிஸ்டர் குணா... இனி அண்ணன் இல்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்னால், அக்காவை நீக்கிய அதே குரூப்பில் நடந்ததை நடந்தபடி உங்கள் பெயரில் எழுதுங்கள். கவிதாவுக்கு நான் அதைப் படித்துக் காட்ட வேண்டும்.

எழுதுவீர்களா, மாட்டீர்களா? சீக்கிரம் பதில் போடுங்கள்.