ரெட்டை விசில்

மழைநாளில் எங்கள் சித்தப்பாவின் விசிலுக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். உள்ளே உருளும் சின்னத் தக்கை ஈரத்தில் ஊறிப்போய், கணீரென்று வர வேண்டிய சத்தம் கரகரவென்று வரும். அவர் அதைக் காக்கிச் சட்டையின் ஓரத்தில் துடைத்து, இரண்டு தரம் உதறி, மறுபடியும் உதட்டில் வைப்பார். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் மணிச் சித்தப்பா கண்டக்டர், அவருடைய அண்ணனான என் அப்பா டிரைவர். ஒத்தை விசில் என்றால் நிற்க வேண்டும், ரெட்டை விசில் என்றால் கிளம்ப வேண்டும். அரியலூரில் படித்த நான் தினமும் அந்தப் பஸ்ஸிலேயே, டிரைவருக்குப் பக்கத்திலிருந்த ஒத்தை சீட்டில் உட்கார்ந்து போய் வந்ததால், இந்த உலகத்தில் எதைத் தொடங்குவதற்கும் யாராவது விசில் அடித்தாக வேண்டும் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டுக்குள் கார் பந்தயத்தைக் கொண்டுவந்தவர் ஜமால் பாய். லெப்பைக்குடிக்காட்டுக்காரர், வளைகுடாவில் பல வருஷம் வண்டி ஓட்டிவிட்டு ஊர் திரும்பி, பெரம்பலூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் அத்தரும் தொப்பியும் விற்கும் கடை வைத்திருந்தார். அங்கே இருந்தபோது முதலாளி தயவில் பந்தயத்தை நேரிலேயே பார்த்தவர் என்பதால் எங்கள் தெருவில் அவருக்கு ஒரு தனி மரியாதை. அவர் வீட்டு டிவியைப் பேரப்பிள்ளைகள் கார்ட்டூனுக்குக் குத்தகை எடுத்துவிட்டதால், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பந்தயம் இருந்தால் கடையைப் பூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். அப்பாவும் சித்தப்பாவும் அந்த ஒரு டிரிப்புக்கு மட்டும் தங்களுக்குப் பதிலாக 'ஆக்டிங்' ஆட்களைப் போட்டுவிட்டு, வாரம் முழுக்க வண்டியில் இருந்தது போதாதென்று, அடுத்தவன் வண்டி ஓட்டுவதைப் பார்க்க உட்காருவார்கள்.

டயர் மாற்ற கார் வந்து நிற்கும் இடத்துக்கு 'பிட்' என்று பெயர் என ஜமால் பாய் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார். எங்கள் வீட்டில் அது 'ஸ்டாப்பிங்' என்றுதான் நிலைத்தது. நீளக் குச்சியின் முனையில் ஒரு வட்டத் தட்டைக் காரின் மூக்குக்கு முன்னால் பிடித்தபடி ஒரு ஆள் நிற்பார், அவர் தட்டைத் தூக்கினால்தான் கார் கிளம்பலாம் இல்லையா, அவருக்குப் பெயர் 'கண்டக்டர்'. டயர் மாட்டுகிறவர்கள் எல்லாரும் 'பாசஞ்சர்'. கண் இமைக்கும் நேரத்தில் நாலு டயரையும் மாற்றிக்கொண்டு கார் பறப்பதைப் பார்த்து சித்தப்பா ஏக்கத்தோடு சொல்வார்: "நம்ம பேரளி ஸ்டாப்பிங்ல ஜனம் இப்புடி ஏறி இறங்குனா, நாம சாப்புட்டுத் தூங்கி எழுந்தே போவலாம்ண்ணே."

அப்பாவுக்கு நீல வண்டிக்காரன் மேல் உயிர். பின்னால் வருபவனுக்கு வழியே விடாமல் ஓட்டுகிறான் என்று சித்தப்பாவுக்கு அவனைக் கண்டாலே ஆகாது. "ரோட்ட அடைச்சிக்கிட்டு ஓட்டுறதெல்லாம் ஒரு ஓட்டா?" என்பார். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகளுக்கு நடுவே எதிர்க் கம்பெனி பஸ்ஸைத் தன் அண்ணன் எப்படி அடைத்துக்கொண்டு போகிறார் என்பது அந்த நேரத்தில் அவருக்கு ஞாபகம் வராது. ஜமால் பாய் எந்தப் பக்கமும் சாயமாட்டார். பரிசு மேடையில் ஷாம்பெயினைப் பீய்ச்சியடிக்கும்போது மட்டும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, "முடிஞ்சிருச்சாம்மா?" என்று என் அம்மாவிடம் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் திரும்புவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் சாயங்கால மக்ரிப் தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில் அது நடந்தது. நீல வண்டி ஸ்டாப்பிங்கில் வந்து நின்றது. பின் சக்கரத்தில் ஒரு ஆள் இன்னும் குனிந்தே இருக்கிறார். முன்னால் நின்ற கண்டக்டர் தட்டைத் தூக்கிவிட்டார். கார் பாய்ந்தது, குனிந்திருந்தவர் தூக்கி எறியப்பட்டார். டிவியில் அதையே திரும்பத் திரும்பப் போட்டார்கள். அம்மா உலையை மறந்துவிட்டு வாசற்படியில் நின்று பார்த்தாள். கடைசியில் அந்த நீல வண்டியே ஜெயித்து, அதன் டிரைவர் மேடையில் ஏறிச் சிரித்தார்.

"அவன் என்ன பண்ணுவான்? தட்டத் தூக்குனா எடுக்க வேண்டியதுதான். தூக்குனவன் மேலதான் தப்பு," என்றார் அப்பா.

"கண்ணாடி எதுக்கு வச்சிருக்கான், மூஞ்சி பாத்துப் பவுடர் போடவா? ஆள் நிக்கிறது கூடத் தெரியாம எடுத்துருவானா? தள்ளிட்டு வந்து சிரிக்கிறான் பாரு, இவன்லாம் ஒரு டிரைவரா?" என்றார் சித்தப்பா.

"ஹெல்மெட்டுக்குள்ள இருக்கிறவனுக்கு, ஒருத்தன் விழுந்துட்டான்னு யாருடா போய்ச் சொன்னா?"

முகம் கழுவிய ஈரத்தோடு ஜமால் பாய் திரும்பி வந்தபோது இரண்டு பேரும் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். நடந்ததை அவருக்கு விளக்குவதற்காக அப்பா சமையலறையிலிருந்து தோசைக் கரண்டியை எடுத்து வந்து தட்டு தூக்கிக் காட்டினார்; சித்தப்பா அதே கரண்டியைப் பிடுங்கி அதே சம்பவத்தை வேறு மாதிரி நடித்துக் காட்டினார். இரண்டையும் பார்த்த பாய் குழம்பிப்போய், "ரெண்டு பேரும் ஒரே டிவியத்தான் பாத்தீங்களா?" என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அத்தோடு முடிந்திருக்க வேண்டியது.

ஆனால் அப்பா, "அப்ப ரெட்டை விசில் அடிச்சாலும் நம்பக் கூடாதுங்கிற?" என்று கேட்டார்.

"நம்புங்க. கண்ணையும் தொறந்து வச்சிக்கிட்டு நம்புங்க," என்றார் சித்தப்பா.

வெளி ஆளுக்கு இதில் கோபப்பட ஒன்றும் இருப்பதாகத் தெரியாது. "என் தம்பி விசில் குடுத்தா நான் கண்ண மூடிக்கிட்டு கியர் போடுவேன்" என்று டீக்கடை டீக்கடையாகப் பெருமை அடித்துக்கொண்டிருந்தவர் என் அப்பா. ரெட்டை விசில் கேட்டபிறகு இடப்பக்கக் கண்ணாடியைப் பார்ப்பது தம்பியைச் சந்தேகப்படுவது போல என்று நினைத்தே வருஷக்கணக்காக வண்டி ஓட்டியவர். அந்தத் தம்பியே இப்படிச் சொல்லிவிட்டதும் அவர் முகம் சுருங்கிப்போனது. கரண்டியைத் திருப்பி வாங்கிச் சமையலறையில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டார். விழுந்தவருக்குக் கால் முறிவுதான், உயிருக்கு ஆபத்தில்லை என்று மறுநாள் பேப்பரில் சின்னதாக வந்திருந்ததை அம்மா உரக்கப் படித்தாள்.

அந்த வாரம் பஸ்ஸில் நடந்த கூத்தை நான் என் ஒத்தை சீட்டிலிருந்தே பார்த்தேன். சித்தப்பா ரெட்டை விசில் அடிப்பார். அப்பா சாவகாசமாகத் தலையைத் திருப்பி இடது கண்ணாடியைப் பார்ப்பார், பிறகு வலது கண்ணாடி, பிறகு தலைக்கு மேலே உள்ள கண்ணாடி, அதன் பிறகும் ஏதோ யோசித்துவிட்டுத்தான் கியரைத் தொடுவார். ஒவ்வொரு ஸ்டாப்பிங்கிலும் இதே பூஜை. "என்ன டிரைவரே, நல்ல நேரம் பாக்குறீங்களா?" என்று ஒரு பெரியவர் கேட்டதற்கு பஸ்ஸே சிரித்தது. எதிர்க் கம்பெனிக்காரன் ஆரன் அடித்துக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனான். அரியலூரில் டைம் கீப்பர் கத்தினார். தன் விசிலுக்கு மதிப்பில்லாமல் போன கடுப்பில் சித்தப்பா ஒன்றுக்கு மூன்றாக ஊதினார். ஒரே அடுக்குக் கேரியரில் அம்மா இருவருக்கும் கட்டிக்கொடுக்கும் சாப்பாட்டை, எங்கள் வீடும் சித்தப்பா வீடும் முதுகோடு முதுகு ஒட்டி இருந்தும், அந்த வாரம் சித்தி தனியாகக் கட்ட வேண்டியதாயிற்று.

பஸ் முதலாளிக்கு விஷயம் போனது. "அண்ணன் தம்பிங்க சண்டைய வூட்ல வச்சிக்கணும். அடுத்த வாரத்துலேருந்து மணி அரும்பாவூர் வண்டிக்குப் போவட்டும்," என்று சொல்லியனுப்பிவிட்டார். இருவரும் வீம்புக்குச் சரி என்று தலையாட்டிவிட்டார்கள். "வெளிநாட்டுக்காரன் காருக்கு நம்ம வூட்ட ரெண்டாக்கிட்டீங்களே," என்று அம்மா அழுதாள். எனக்கோ, வேறு யாரோ விசில் அடித்து அப்பா வண்டி எடுப்பதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அந்த வார முகூர்த்த நாளில், சாயங்கால டிரிப்பில், பஸ் பிதுங்கிக்கொண்டிருந்தது. பேரளியில் ஒரு கூட்டம் இறங்கியது. பின் வாசலில் ஏறி நின்ற யாரோ ஒருவர், "போலாம் ரைட்" என்று தானாகவே குரல் கொடுத்தார். பஸ்ஸின் நடுவில் பட்டுப் புடவைகளுக்கும் தாம்பூலப் பைகளுக்கும் இடையே நசுங்கிக்கொண்டிருந்த சித்தப்பா அதை நம்பி ரெட்டை விசில் அடித்துவிட்டார்.

அப்பா வழக்கமான வீம்போடு தலையைத் திருப்பினார். திருப்பிய தலையைத் திரும்ப எடுக்கவில்லை. எட்டிப் பார்த்தேன். பின் படிக்கட்டின் கைப்பிடிக் கம்பியில் ஒரு பெண்ணின் முந்தானை சிக்கி முறுக்கிக்கொண்டிருந்தது. இடுப்பில் கைக்குழந்தை, கீழே இறங்கி நின்று ஒரு கையால் அதை இழுத்துக்கொண்டிருந்தாள். மறுபடியும் ரெட்டை விசில். அப்பா கியரைத் தொடவில்லை. மூன்றாம் தடவை விசில் ஆத்திரத்தோடு கிழிந்து வந்தது. அப்பா இன்ஜினையே நிறுத்திவிட்டார்.

"எடுங்க டிரைவரே!" என்று கூட்டம் கத்தியது. சித்தப்பா முன் வாசல் வழியே குதித்து, சிவந்த கண்ணோடு அப்பாவின் ஜன்னலுக்கு ஓடிவந்தார். "எல்லார் முன்னாடியும் என்னய அசிங்கப்படுத்தணும்னே பண்றீங்களாண்ணே?"

அப்பா பின் பக்கமாக மோவாயை அசைத்தார்.

சித்தப்பா சுற்றிக்கொண்டு போனார். கம்பியில் சிக்கிய சரிகையை அவர் ஒவ்வொரு இழையாக விடுவிப்பதைக் கண்ணாடியில் பார்த்தேன். அந்தப் பெண் நன்றி சொல்லவில்லை. "கட்டி ரெண்டு தரம் கூட ஆவல, பாத்து எடுங்க," என்று அதட்டினாள், புடவை கைக்கு வந்ததும், "ஆளு இறங்கறதுக்குள்ள என்னாய்யா அவசரம் ஒங்களுக்கு?" என்று முழு பஸ்ஸுக்கும் கேட்கும்படி திட்டிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு சித்தப்பா பின் படிக்கட்டிலேயே நின்று, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்து, மெல்ல இரண்டு தரம் ஊதினார். அப்பா கண்ணாடியைப் பார்த்தார். அதில் சித்தப்பா கையைத் தூக்கிக் காட்டினார். வண்டி நகர்ந்தபோது எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

மறுநாள் காலையில் சித்தப்பா நேராக முதலாளி வீட்டுக்குப் போய், "எங்க அண்ணன் லேட்டாத்தான் எடுப்பாரு. எனக்கு அந்த வண்டிதாங்க வேணும்," என்று சொல்லிவிட்டு வந்தார் என்று சித்தி சொன்னாள். முதலாளி முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். வழியில் இருவரும் இறங்கி டீ குடிக்கும் வழக்கம் அன்றோடு நின்றது. கண்ணாடி பார்ப்பதில் போகும் நேரத்தை அதில்தான் ஈடுகட்டினார்கள். கேரியர் மறுபடியும் ஒன்றாயிற்று.

அடுத்த பந்தயத்துக்கு ஜமால் பாய் பயந்துகொண்டேதான் வந்தார். "அன்னிக்கு விழுந்த கேஸ்ல என்னதான் முடிவாச்சு?" என்று மெதுவாகக் கேட்டார்.

"டிரைவர் தப்பு பாய். கண்ணாடியப் பாக்காம எடுத்தான்ல," என்றார் அப்பா.

"அதெப்புடி? தட்டத் தூக்குனவன்தான் தப்பு. பின்னால ஆள் இருக்கான்னு அவன்தானே பாக்கணும்?" என்று எகிறினார் சித்தப்பா.

"டேய், ஸ்டியரிங் யாரு கையில இருக்கு?"

"விசில் யாரு வாயில இருக்குண்ணே?"

போன வாரத்துக்குக் கொஞ்சமும் குறையாத சத்தத்தில், பக்கம் மாறி நின்று, ஆளாளுக்குத் தன் மேல்தான் தப்பு என்று மல்லுக்கட்டினார்கள். அம்மா முன்ஜாக்கிரதையாகத் தோசைக் கரண்டியை ஒளித்துவைத்துவிட்டாள். "நிய்யத்து, அதான் மனசுல உள்ள எண்ணம், நல்லதா இருந்தா இப்புடியும் சண்டை போடலாம் போல," என்று சொல்லிவிட்டு ஜமால் பாய் தொழுகைக்கு எழுந்தார்.

பாய் இப்போது இல்லை. அந்த பஸ் எந்த ஊர்ப் பழைய இரும்புக் கடையில் முடிந்ததோ தெரியாது. இப்போது அந்த ரோட்டில் ஓடும் வண்டிகளில் கதவு தானாக மூடிக்கொள்கிறது, கண்டக்டர் ஒரு பொத்தானை அமுக்கினால் மணி அடிக்கிறது. பந்தயத்திலும் தட்டு பிடிக்கும் ஆள் போய், சிவப்பு பச்சை விளக்கு வந்துவிட்டது. அப்பா பெரம்பலூரில் என்னோடு இருக்கிறார், சித்தப்பா அரியலூரில் மகன் வீட்டில். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆளுக்கொரு செல்போனில் பந்தயத்தைப் பார்த்துக்கொண்டு, இன்னொரு செல்போனில் ஒருவரையொருவர் திட்டிக்கொள்கிறார்கள்.

போன மாதம் அரியலூர் போய் சித்தப்பாவை என் காரில் அழைத்து வந்தேன். அப்பா முன் சீட்டில், சித்தப்பா பின் சீட்டில். பேரளி வந்ததும் டீ குடிக்க வேண்டும் என்றார்கள். இத்தனை வருஷத்து பாக்கி. குடித்து முடித்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறிக் கதவைச் சாத்தினார் சித்தப்பா. நான் கியரில் கை வைத்தேன். பின்னாலிருந்து, விசில் இல்லாத வாயால், காற்று மட்டும் வரும்படி இரண்டு தரம் ஊதினார். அப்பா இடப்பக்கம் தலையைத் திருப்பி, கண்ணாடியில் கடைசி ஆள் தாண்டிப் போகிறவரை பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "ம், எடும்மா," என்றார்.