ஏழாவது பாரா

அத்தானை நினைத்தால் அவர் முகத்துக்கு முன்னால் எனக்கு நினைவு வருவது அவருடைய இரண்டு கால்கள்தான். டில்லியில் ஒரு ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை பதினோரு மணி வெயில். காரின் அடியிலிருந்து நடைபாதைப் பக்கமாக அந்தக் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. இஸ்திரி மடிப்புக் கலையாத சாம்பல் நிறப் பேண்ட்டும், அன்று காலை அக்கா பாலீஷ் போட்டு வைத்த செருப்பும் தெரிந்தன. உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது. "நீங்க ரெண்டு பேரும் போய் மெக்கானிக் யாராவது இருக்கானான்னு பாருங்க. அதுக்குள்ள நான் சரி பண்ணிட்டாலும் பண்ணிருவேன்."

அத்தான் என் அக்காவின் கணவர். லோதி ரோடில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் செக்‌ஷன் ஆபீசர். எனக்கு டில்லியில் வங்கி வேலை கிடைத்ததும் திருநெல்வேலியிலிருந்து வந்து ஜனக்புரியில் அவர்கள் வீட்டிலேயே தங்கிவிட்டேன். எண்பதுகளின் தொடக்கம் அது. அத்தான் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. பஸ்ஸில் யாராவது காலை மிதித்தால் இவர்தான் மன்னிப்புக் கேட்பார். ரேஷன் கடை வரிசையில் நடுவில் நுழைகிறவனுக்கு ஓரடி பின்னால் நகர்ந்து இடம் கொடுப்பார். "இந்த மனுசனைக் கட்டிக்கிட்டு நான்தான் ரெண்டு பேருக்கும் சேர்த்துச் சண்டை போட வேண்டியிருக்கு" என்று அக்கா அடிக்கடி சொல்வாள். சொல்லும்போது அவள் முகத்தில் கோபம் இருக்காது.

ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவரிடமிருந்து அந்தக் காரை வாங்கி நான்கு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அன்று கோல் மார்க்கெட் பக்கம் ஒரு நண்பர் வீட்டு வளைகாப்புக்குப் போய்க்கொண்டிருந்தோம். ஒரு ரவுண்டானாவைத் தாண்டியதும் கிளட்ச் மிதி அவர் காலோடு அப்படியே கீழே போய்விட்டது. பட்டுப்புடவையோடு நானும் அக்காவும் பின்னாலிருந்து தள்ள, அத்தான் ஒரு கையை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு தானும் தள்ளிக் காரை ஓரம் கட்டினார். நிமிர்ந்து பார்த்தால் நேர் மேலே வண்டி நிறுத்தத் தடை என்கிற பலகை. அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "இங்க நிறுத்தக் கூடாதுன்னு போட்டிருக்கே" என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு பழைய செய்தித்தாளை விரித்துக் காருக்கு அடியில் நுழைந்தார்.

முக்கால் மணி நேரம் அலைந்தும் ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மெக்கானிக்கும் கிடைக்கவில்லை. திரும்பி வந்தபோது அத்தான் வெளியே நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டையில் பாதி கறுப்பாகியிருந்தது. கையில் ஒரு சீட்டு. கிளட்ச் கம்பி ஒன்றில் இருந்த ஊசி கழன்று விழுந்திருந்ததாம். தேடி எடுத்து மாட்டிவிட்டார், கார் ஓடும் என்றார். ஆனால் அந்தச் சந்தோஷம் முகத்தில் இல்லை. சீட்டை என்னிடம் நீட்டினார்.

அவர் அடியில் இருந்தபோது சாலைப் பக்கமாக ஒரு டிராஃபிக் போலீஸ்காரர் வந்து, காரைச் சுற்றிக்கூடப் பார்க்காமல், சாலான் என்கிற அபராதச் சீட்டை எழுதி முன்கண்ணாடி வைப்பருக்கு அடியில் செருகிவிட்டுப் போயிருக்கிறார். அத்தான் கூப்பிட்டிருக்கிறார். பதற்றத்தில் ஹிந்தி வரவில்லை. "சார், நான் இங்கதான் இருக்கேன்" என்று தமிழில் கத்தியிருக்கிறார். அவர் கத்தினால் எவ்வளவு சத்தம் வரும் என்று எங்களுக்குத் தெரியும். அந்த நேரம் பார்த்து இரண்டு பஸ்கள் போயிருக்கின்றன. தவழ்ந்து வெளியே வருவதற்குள் போலீஸ்காரர் தள்ளி ஒரு ஸ்கூட்டருக்கு எழுதிக்கொண்டிருந்தார். ஓடிப்போய்க் கேட்டதற்கு, "எழுதியது எழுதியதுதான், கோர்ட்டில் சொல்லுங்க" என்று பதில்.

"பானெட்டைத் தூக்கி வச்சிருந்தா அவனுக்கே தெரிஞ்சிருக்கும்லா" என்றாள் அக்கா. "போகட்டும். கட்டிட்டு வேலையைப் பாருங்க."

அத்தான் சீட்டிலிருந்த ஒரு ஹிந்தி வரியை, ஊரிலேயே ஹிந்தி படித்திருந்த என்னிடம் காட்டி, அர்த்தம் சரியா என்று கேட்டார். ஓட்டுநர் இல்லை, வண்டி கேட்பாரில்லாமல் விட்டுச் செல்லப்பட்டது என்று எழுதியிருந்தது.

"கட்டினா, நான் அங்க இல்லைன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்லா" என்றார். "நான் அங்கதானே இருந்தேன்?"

வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் ஒன்றை விடமாட்டேன் என்றது அன்றுதான். அவர் வேலையே எழுத்து. ஒரு கோப்பில் தவறாக ஒரு வரி ஏறிவிட்டால் அதைத் திருத்தும்வரை அவருக்குச் சாப்பாடு இறங்காது. இப்போது அப்படிப்பட்ட ஒரு வரி அவரைப் பற்றியே எழுதப்பட்டிருந்தது.

சாலானுக்குப் பணம் கட்டும் வரிசை கோர்ட் வாசல்வரை நீண்டிருந்தது. எதிர்த்து வாதாட வரிசையே இல்லை. ஜன்னலில் இருந்த குமாஸ்தா எங்களை வினோதமாகப் பார்த்தார். "பாபுஜி, கட்டிட்டுப் போங்க, ஜல்தி முடிஞ்சிடும்" என்று நல்ல மனதோடுதான் சொன்னார். அத்தான் தலையை ஆட்டிவிட்டு அங்கேயே நின்றார். தேதி கொடுத்தார்கள். அந்தத் தேதியில் போலீஸ்காரர் வரவில்லை, மறு தேதி. ஒவ்வொரு தடவையும் அத்தானும் லீவு, அவருக்காக ஹிந்தியில் பேச நானும் லீவு. அக்கா முணுமுணுத்துக்கொண்டே இருவருக்கும் தயிர்சாதம் கட்டிக் கொடுத்தாள். எனக்கும் உள்ளூர எரிச்சல்தான். இவ்வளவு சின்ன விஷயத்துக்கா என்று பஸ்ஸில் ஒருநாள் கேட்டேவிட்டேன். "சின்ன விஷயம்தான். அதனாலதான் நம்மால முடியும்னு தோணுது" என்றார்.

வழக்கு முழுவதையும் அலுவலகக் குறிப்பு போல ஆங்கிலத்தில் எண்ணிட்ட பாராக்களாக எழுதியிருந்தார். நான் அதை ஹிந்தியில் வாசிப்பதாக ஏற்பாடு. அவர் அங்கே இருந்ததற்கு ஆதாரம் ஏழாவது பாராவில் இருந்தது. காருக்கு அடியிலிருந்து போலீஸ்காரரின் ஷூக்களை அவர் ஒரு முழ தூரத்தில் பார்த்திருக்கிறார். வலது கால் ஷூ வெளிப்பக்கம் பிளந்து, தடித்த பச்சை நூலால் தைக்கப்பட்டிருந்தது. அடியில் தேய்ந்துபோன குதிகாலுக்குப் பதில் டயர் துண்டு. போகிற வருகிறவன் கண்ணில் அந்தத் தையல் சட்டென்று படாது. தரையோடு தரையாகப் படுத்திருந்தவன்தான் அதை இவ்வளவு துல்லியமாகப் பார்த்திருக்க முடியும். வீட்டில் அதைப் படித்ததும் நான் கைதட்டினேன். இனி யாரும் எங்களை அசைக்க முடியாது என்று தோன்றியது.

மூன்றாவது தேதியில் போலீஸ்காரர் வந்தார். எங்களுக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்தார். நாற்பது வயதிருக்கும், வெயிலில் கறுத்த முகம். சீருடை பலமுறை துவைத்து வெளுத்திருந்தாலும் கச்சிதமாக இருந்தது. உட்கார்ந்ததும் வலது காலை இடது காலுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். யாருக்காகவும் இல்லை, பழக்கத்தில் செய்தது. எதிரே யாராவது நடந்து போகும்போதெல்லாம் அந்தக் கால் இன்னும் கொஞ்சம் உள்ளே போனது. நான் அத்தானைப் பார்த்தேன். அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் பெயரைக் கூப்பிடுவதற்குச் சற்று முன்பு என் பக்கம் சாய்ந்தார். "ஏழாவது பாராவை வாசிக்காத."

"அது இல்லாட்டி தோத்துருவோம் அத்தான்."

"தெரியும். வாசிக்காத."

ஆறு பாராக்களை வாசித்து நிறுத்தினேன். மாஜிஸ்திரேட் வயதான மனிதர். "நீங்கள் அடியில் இருந்தீர்கள் என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்டார். நான் அத்தானைப் பார்த்தேன். ஹால் முழுக்க ஆட்கள். டிரைவர்கள், வக்கீல்கள், வேறு போலீஸ்காரர்கள். அத்தானும் அவர்களைத்தான் பார்த்தார். மாஜிஸ்திரேட் பேனாவை எடுத்தார். அப்போது அத்தான் என் கையிலிருந்த தாளை வாங்கிக்கொண்டு முன்னால் போனார். ஏழாவது பாராவில் விரலை வைத்து அவரிடம் நீட்டினார். "இதை மட்டும் நீங்களே படிங்க சார்" என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்.

மாஜிஸ்திரேட் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். சாலான் புத்தகத்தைக் கொண்டு வந்து காட்டும்படி போலீஸ்காரரை மேடைக்குப் பக்கத்தில் கூப்பிட்டார். புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே அவர் பார்வை ஒரு கணம் கீழே போய் வந்ததை நான் கவனித்தேன்.

"காருக்கு அடியில் பார்த்தாயா?"

"அடியிலயா?" போலீஸ்காரர் திகைத்தார். "அடியில யாரு சாப் பார்ப்பாங்க?"

ஹாலில் சிரிப்பு எழுந்தது. மாஜிஸ்திரேட்டும் சிரித்துவிட்டார். "அப்படியென்றால் ஓட்டுநர் இல்லை என்று எப்படி எழுதினாய்? அச்சா, சாலான் ரத்து." தாளை மடித்து அத்தானிடமே திருப்பிக் கொடுத்தார். "இது உங்களிடமே இருக்கட்டும்."

வெளியே வேப்பமரத்தடியில் போலீஸ்காரர் எங்கள் பின்னாலேயே வந்தார். எல்லோரும் சிரித்த கோபத்தில் வருகிறார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் இருந்தது பயம்.

"பாபுஜி, அந்தக் காகிதத்துல என்ன எழுதியிருந்தீங்க? என் மேல புகாரா? எனக்கு மூணு பொண்ணுங்க."

அத்தானுக்கு எங்கிருந்தோ ஹிந்தி வந்தது. இலக்கணம் எதுவும் சரியில்லை, ஆனாலும் நான் உதவத் தேவையிருக்கவில்லை. "புகார் இல்ல அண்ணே. அன்னிக்கு நான் உங்களைப் பார்த்தேன், நீங்கதான் என்னைப் பார்க்கலைன்னு எழுதியிருந்தேன். அவ்வளவுதான்."

போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "காலை ஆறு மணியிலிருந்து நின்னுட்டிருந்தேன். அந்த வெயில்ல குனிய உடம்புல தெம்பில்ல பாபுஜி. தப்புதான்." மூன்று பேரும் டீ குடித்தோம். அவர் மூத்த மகள் பத்தாவது தேறியதைச் சொன்னார். அத்தான் அவளுக்கு டைப்ரைட்டிங் சேர்த்துவிடச் சொன்னார். விடைபெறும்போது போலீஸ்காரர் எங்கள் காரைப் பற்றி விசாரித்தார். தூரத்து உறவினர் யாரையோ விசாரிப்பது போலிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அக்கா வாசலிலேயே கேட்டாள், எப்படி ஜெயித்தீர்கள் என்று. "அவரே சொல்லிட்டாரு, கீழ பார்க்கலைன்னு" என்றார் அத்தான். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இரவல் வாங்கிய நகை போல அந்த ரகசியத்தை இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்தேன்.

இப்போது அத்தானும் அக்காவும் பாளையங்கோட்டையில் இருக்கிறார்கள். நான் டில்லியிலேயே தங்கிவிட்டேன். போன மாதம் என் காருக்குப் போனில் ஒரு சாலான் வந்தது, கேமரா எடுத்த படத்தோடு. தவறு என்னுடையதுதான். கட்டிவிட்டேன். யாரோடும் ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கவில்லை. அந்த வாரம்தான் இதை எழுதலாம் என்று தோன்றியது. அத்தானைக் கூப்பிட்டு, அந்த ஷூவைப் பற்றி எழுதலாமா என்று கேட்டேன். எண்பத்தைந்து வயதில் இன்னும் குரல் தாழ்ந்திருக்கிறது. போனை நன்றாகக் காதோடு வைத்தால்தான் கேட்கும்.

"எழுதேன். நல்ல மனுசன் அவரு. பேரை மட்டும் போட்டுராத."

எனக்கு அவர் பெயரே தெரியாது. நாற்பது வருடத்துக்குப் பிறகும் அத்தானுக்குத் தெரிந்திருந்தது.