கண்ணாடி வைத்த பெட்டி

யுத்த காலத்தில் நாங்கள் இருந்த வெள்ளவத்தை ஃபிளாட்டில் தம்பியின் கம்ப்யூட்டர் எந்நேரமும் இரைந்துகொண்டிருக்கும். அதன் பெட்டியில் ஒரு பக்கத் தகட்டுக்குப் பதிலாகக் கண்ணாடி. உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரியும். ஷோவுக்கு வாங்கினான் என்றே நினைத்தேன்.

"கண்ணாடி போட்டபடியாத்தான் இந்த இரைச்சல்," என்று ஏசினேன்.

"இல்லை அக்கா, ஃபேனிலை தூசி. கண்ணாடி என்ன செய்யும்?" என்று சிரித்தான்.

ஒரு காலை ஆமிக்காரர் தேடுதலுக்கு வந்தார்கள். அலுமாரியைக் கொட்டினார்கள், அரிசி வாளிக்குள் கைவிட்டுத் துழாவினார்கள். முந்திய தேடுதலில் தம்பியின் பழைய கம்ப்யூட்டரை நெம்பித் திறந்து உடைத்திருந்தார்கள். இந்த முறை குனிந்து கண்ணாடிக்குள்ளால் பார்த்துவிட்டுத் தொடாமல் விட்டார்கள். அவன் ஏன் கண்ணாடிப் பெட்டி வாங்கினான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பிறகு அவனுடைய அடையாள அட்டையைப் பார்த்தார்கள். பிறந்த இடம் யாழ்ப்பாணம். விசாரித்துவிட்டு அனுப்புவதாகச் சிங்களத்தில் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவன் திரும்பி வரவில்லை.

அம்மா அந்தக் கம்ப்யூட்டரை நிறுத்தவே விடவில்லை. பல மாதங்களின் பின் அம்மா சமைத்துக்கொண்டிருந்த நேரம் நான் அதை நிறுத்தி, ஃபேனின் தூசியைத் துடைத்துவிட்டு மறுபடி போட்டேன். இரைச்சல் அடங்கிவிட்டது. தம்பி சொன்னது சரி.

அம்மா குசினியிலிருந்து ஓடிவந்தா.

"ஏன் பிள்ளை நிப்பாட்டினனீ? அது இரைஞ்சா அவன் அறைக்குள்ளை இருக்கிற மாதிரி இருக்கும்."

நிற்கவில்லை, ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்று கண்ணாடிக்குள்ளால் ஃபேன் சுற்றுவதைக் காட்டினேன். அம்மா குனிந்து பார்த்து நம்பினா.

தம்பியை வைத்திருக்கும் இடத்துக்குத்தான் அப்படியொரு கண்ணாடி இல்லை.