நிறம் ஏறிய மாதங்கள்

கல்யாணமாகி பாம்பனுக்கு வந்தபோது நான் நல்ல கறுப்பு. மூத்தவள் பிறந்து, அவள் பால்குடி மறக்கும் முன்பே என் முகம் வெளுக்கத் தொடங்கியது. மாதா கோயிலில் பூசை முடிந்து வரும்போது பெண்கள் என் மாமியாரை நிறுத்தி, மருமகளுக்கு என்ன பூசுகிறீர்கள் என்று கேட்பார்கள். பயற்றமாவு என்பார் அவர். அது பொய். ஆனால் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். எனக்கும்தான். கண்ணாடியில் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துக்கொள்வேன்.

குடிதண்ணீருக்கு மணலில் தோண்டிய ஊற்றுக்குப் போவோம். முன்பு ஒரே மூச்சில் ஏறிய மணல்மேட்டில் குடத்தோடு நின்று நின்று ஏறினேன். பால் கொடுக்கிறவளுக்கு அசதி இருக்காதா என்று என்னையே அதட்டிக்கொண்டேன். பிறகு நாள் தள்ளிப்போனது. அதோடு எல்லாவற்றுக்கும் மசக்கை என்ற பெயர் கிடைத்துவிட்டது. நெஞ்சு படபடத்தால் மசக்கை. அரிசி களையும்போது ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டால் அதுவும் மசக்கை.

மாமியார் என் சாப்பாட்டைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். சூரை மீன் சூடு, எள்ளுருண்டை சூடு, கருப்பட்டி சூடு. இளங்கரு தங்காது என்றார். எனக்குக் கஞ்சியும் துவையலும்தான். பள்ளிக்கூடத்துச் சுகாதாரப் பாடத்தில் வேறு மாதிரிப் படித்த ஞாபகம். ஆனால் அது பரீட்சைக்குப் படித்தது. இவர் பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். மீறித் தின்று ஏதாவது ஆகிவிட்டால்? தின்னாமல் ஏதாவது ஆகிவிட்டால்? இரண்டு பயத்துக்கும் நடுவில் கஞ்சியைக் குடித்தேன்.

ஒருநாள் காலை ஊற்றங்கரையில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன். குடம் உருண்டது. மாமியார் அதை எடுக்கவில்லை, என் தலையைத்தான் பிடித்தார். அன்றைக்கே ரயிலில் மண்டபத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

டாக்டரம்மா என் கீழிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, மாமியாரையும் பக்கத்தில் வந்து பார்க்கச் சொன்னார். உள்ளே உரித்த நுங்கு போல இருந்ததாம்.

"இது நிறமில்லம்மா. ரத்தமில்லாத வெளுப்பு. இருக்கிற கொஞ்சத்துலதான் வயித்துப் பிள்ளையும் எடுக்கணும்."

சூடு என்று விலக்கியதையெல்லாம் கொடுக்கச் சொன்னார். கூடவே ஒரு மருந்து. பல்லைக் கறுப்பாக்கும், குழல் வைத்து உறிஞ்சச் சொன்னார்.

திரும்பும்போது ரயில் பாலத்தின் மேல் ஊர்ந்தது. தூங்கிய என் மகளை மாமியார் என் மடியிலிருந்து தன் மடிக்கு மாற்றிக்கொண்டார்.

"ஊருல எல்லாரும் சொல்லச் சொல்ல நானும் சிரிச்சுக்கிட்டுல்ல இருந்தேன்," என்றார், கடலைப் பார்த்தபடி.

வீட்டுக்கு வந்ததும் குழலுக்குப் பப்பாளி இலைக்காம்பு போதுமே என்றேன்.

"படிச்ச புள்ள பேசுற பேச்சா இது? மாசமா இருக்கவ அந்த மரத்து நிழல்லகூட நிக்கக்கூடாது," என்றவர், எங்கேயோ அலைந்து நாணல் தட்டை வெட்டி வந்தார்.

சூரை மீன் குழம்பும் வைத்தார். டாக்டரம்மாவை நம்பினாரா, தெரியாது. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்து, உதடு மட்டும் அசைய மாதாவிடம் எதையோ வேண்டிக்கொண்டிருந்தார். விடிந்ததும் என்னை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்து இமையைப் பார்ப்பார். மீன் மணக்கும் அந்தக் கட்டைவிரல் எனக்குப் பழகிப்போனது. பல நாள் உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார். அப்புறம் ஒருநாள், "லேசா செவப்பு தெரியுது," என்றார்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பயற்றமாவு கேட்டவர்களில் ஒருத்தி எங்களை நிறுத்தினாள்.

"என்ன, ஒங்க மருமவ இப்பிடிக் கறுத்துப் போச்சு?"

"கறுத்துட்டா," என்றார் மாமியார், விருது வாங்கியவர் போல. "ரத்தம் ஊறுதுல்ல."

கொஞ்ச தூரம் நடந்ததும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "வெறும் வெயிலா இருக்கப்போகுது மாமி. இன்னொரு தடவை பாருங்க."

அவர் சலிக்கவில்லை. இடுப்பிலிருந்த பேத்தியை இறக்கிவிட்டு, தெருவில் போகிறவர்கள் பார்க்கப் பார்க்க, என் கீழிமையை இழுத்தார்.

"செவந்துதான் இருக்கு. வயித்துல இருக்கதுக்கும் சேத்து ஊறுது. வா, வெயில் ஏறுது."