பாறையோரத்து வெற்றிலைக்கொடி

செஞ்சிக் கோட்டை மலையடியில் குடியிருக்கிறவர்களுக்கு ஒரே நாளில் இரண்டு வெயில். பகலில் வானம் காய்ச்சும். பொழுது சாய்ந்தபிறகு பாறை காய்ச்சும். விருத்தாம்பாள் வீட்டுத் தோட்டத்துக்குள்ளேயே வைக்கோல்போர் உயரத்துக்கு அப்படி ஒரு பாறை கிடந்தது. அதை நகர்த்தவா முடியும்? அதையும் சேர்த்தே வேலி போட்டிருந்தார்கள்.

அந்தத் துண்டு நிலத்தில் எது எங்கே பிழைக்கும் என்பதில் அவளிடம் வாய் கொடுத்தவர்கள் மீண்டதில்லை. பாறைக்கு மேற்கே கத்தரி வைத்தால் சித்திரையில் கருகிப்போகும். மார்கழிப் பனியில் அதே இடத்தில் வைத்தால், பாறையின் கணகணப்பில் பூ கொட்டாமல் காய்க்கும். துவைக்கிற கல்லைச் சுற்றி எந்நேரமும் ஈரம், அது சேம்புக்கும் வாழைக்கும். இரண்டு மலைகளுக்கு நடுவில் புகுந்து ஆடிக்காற்று வந்து மோதுகிற மூலையில் முருங்கை வைத்தவனை அவள் மனுஷனாகவே மதிப்பதில்லை. வைத்தவன் அவள் புருஷன் தனகோட்டி. சந்தைக்கு மணிலாக்கொட்டை மூட்டை ஏற்றி வண்டியடிக்கிறவனுக்குச் செடியைப் பற்றி என்ன தெரியும்?

பாறைக்குக் கிழக்கே, அகத்தி மரத்தில் வெற்றிலைக்கொடி ஏறியிருந்தது. மதியத்துக்குமேல் அதற்குப் பாறையின் நிழல் கிடைக்கும். கூடவே பாறையின் அனலும் கிடைக்கும். அதனால் வெயில் காலத்தில் உச்சிப்பொழுதுக்குச் சாக்கை நனைத்துப் பாறைமேல் போடுவாள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு எடுத்துவிடுவாள். ராத்திரியில் ஈரம் தங்கி, காற்றும் புகாமல் போனால் கொடி அழுகிவிடும்.

வீட்டில் வெற்றிலைக்கொடி பட்டுப்போனால் அந்த வீட்டுக்கு ஆகாது என்பது ஊரே சொல்கிற பேச்சு. மகன் ராஜாராம் பட்டாளத்தில் சேர்ந்து பர்மா எல்லைக்குப் போனதிலிருந்து, அந்தப் பேச்சு அவள் மனசுக்குள் வேறு மாதிரி ஆகிவிட்டது. கொடி பச்சையாக இருக்கிற வரைக்கும் பிள்ளை உயிரோடு இருக்கிறான். ஒரே பிள்ளை. தை மாதத்துக்குப் பிறகு அவனிடமிருந்து கடுதாசி இல்லை.

தனகோட்டி இதைக் கேட்டுச் சிரித்தான்.

"இன்னாமே, பர்மாவுல குண்டு உழுந்தா இங்க எலை ஒதுருமா?"

"நீ வாய மூடுயா. பெத்தவ எனக்குத் தெரியும்."

அக்னி நட்சத்திரத்தின்போது பனமலையிலிருந்து ஆள் வந்தது. தங்கை மீனம்பாளுக்கு அம்மை போட்டிருந்தது. பார்த்துக்கொள்ள வேறு நாதியில்லை. போனால் அம்மை இறங்கி மூன்று தண்ணீர் ஊற்றுகிற வரைக்கும் அந்த வீட்டைவிட்டு வரக்கூடாது. விருத்தாம்பாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள்.

"உச்சிப்பொழுதுல சாக்க நனைச்சிப் போடு. வெளக்கு வைக்கச் சொல்ல எடுத்துடு. மறந்துடாதயா, எடுத்துடு."

"எல்லாம் எனக்குத் தெரியும், போமே."

தங்கை பிழைத்தாள். மூன்றாம் தண்ணீர் ஊற்றியதும் விருத்தாம்பாள் ஊர் திரும்பினாள். கிணற்றடியில் தலை முழுகிவிட்டு, ஈரப் புடவையோடு நேரே கொடிக்குப் போனாள். கொடி பச்சையாகத்தான் இருந்தது. ஆனால் மரத்தின் தலைவரைக்கும் போயிருந்த கொடி இப்போது அவள் தோள் உயரத்துக்குத்தான் இருந்தது.

"மேல இருந்ததெல்லாம் இன்னாயா ஆச்சி?"

"காத்துல ஒடிஞ்சிட்ச்சி. கழிச்சி உட்டேன்." மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்த தனகோட்டி திரும்பாமலே சொன்னான்.

ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டாள். சுரீரென்று காரம் ஏறியது. அவள் கொடி இலை பச்சைப்பிள்ளைகூட மெல்லுகிற மாதிரி இருக்கும். வேரடியில் பார்த்தாள். அவள் தோட்டத்துச் செம்மண்ணுக்கு நடுவே யாருடைய வெற்றிலைக் கொடிக்காலிலிருந்தோ வந்த கறுப்பு வண்டல். பாறைமேல் பொழுதிறங்கிய பிறகும் ஈரச் சாக்கு, ஒன்றன்மேல் ஒன்றாக, புளித்த நாற்றத்தோடு. கொடி காய்ந்துவிடுமோ என்று பயந்து இரவும் பகலும் நனைத்துப் போட்டே அழுகவிட்டிருக்கிறான்.

என் பிள்ளையைக் கொன்றுவிட்டானே பாவி என்றுதான் முதலில் நினைத்தாள். கத்துவதற்கு வாயைத் திறந்தவள் கண்ணில் சுவரோரம் கிடந்த கூடையும் சும்மாட்டுத் துணியும் பட்டன. இரண்டிலும் அதே வண்டல். சொந்த வண்டி இருக்கிறவன், குலுங்கினால் வேர் விட்டுப்போகும் என்று எங்கிருந்தோ வேறொரு கொடியைத் தலையில் சுமந்து நடந்து வந்திருக்கிறான். சிரித்தவன் இவன்தானே? அந்தச் சிரிப்புக்குள்ளே இவ்வளவு பயத்தையா ஒளித்து வைத்திருந்தான்?

"கொடி நல்லாத்தான இருக்குது?" என்று கேட்டான் தனகோட்டி.

செடி விஷயத்தில் பெற்ற தாயிடம்கூடப் பொய் சொல்லாதவள் விருத்தாம்பாள்.

"நல்லாத்தான் இருக்குது. புள்ளைக்கு ஒண்ணும் ஆவாது."

தனகோட்டி மாட்டின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். அவள் பாறையிலிருந்து சாக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து வேலியில் உலரப் போட்டாள். மறுநாள் உச்சிப்பொழுதுக்கு ஒன்றை மட்டும் நனைத்துப் போட்டாள், விளக்கு வைக்கும்போது எடுத்தாள். அந்தக் கொடிமேல் அவளுக்கு இனி நம்பிக்கை இல்லை. ஆனால் இதுவும் பட்டுப்போனால் அந்த மனுஷன் தாங்கமாட்டான்.