புரட்டாசியில் பட்டினி கிடந்த ஐந்து மீன்கள்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற ஆள் நான். எங்கள் நாமக்கல் பக்கம் முனியைப் பார்த்தேன், மோகினியைப் பார்த்தேன் என்று சொல்லாத லாரி டிரைவரே கிடையாது. தூக்கக் கலக்கத்தில் மைல்கல்லைப் பார்த்திருப்பீர்கள் என்று முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் காப்பியைக் குடித்துவிட்டுப் போங்கள்.

எண்பத்திரண்டோ மூன்றோ இருக்கும். என் வீட்டுக்காரர் சொந்தமாக ஒரே ஒரு லாரி வைத்து அவரே ஓட்டினார். கல்கத்தாவுக்கு முட்டை லோடு, திரும்பும்போது சணல் சாக்கு. மற்றவர்கள் கல்கத்தாவிலிருந்து பெண்டாட்டிக்குச் சேலை வாங்கி வந்தால் இவர் பிளாஸ்டிக் பையில் ஐந்து மீன் வாங்கி வந்தார். பிரானாவாம். வழியெல்லாம் வெல்டிங் பட்டறைகளில் நிறுத்தி, சிலிண்டரிலிருந்து பைக்குள் ஆக்சிஜன் பிடித்துக் கொண்டுவந்தாராம். லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறையிலேயே ஆங்கிள் இரும்பு அடித்து, லாரிக் கண்ணாடிக்கு வைக்கிற புட்டிப் பசையால் கண்ணாடி ஒட்டித் தொட்டி செய்து, கூடத்தில் பெருமாள் படத்துக்கு எதிரே வைத்துவிட்டார். வயிறு செக்கச்செவேலென்று, கீழ்த்தாடை துருத்திக்கொண்டு, கோபமாக இருக்கிற என் நாத்தனார் மாதிரியே இருக்கும். ஆளையே தின்கிற மீன் என்று ஊரே வந்து பார்த்தது.

வண்டி எடுக்கும்போதெல்லாம் ஒன்றே ஒன்றுதான் சொல்வார். "கறி போட மறந்துராத புள்ள. பசிச்சா ஒண்ணையொண்ணு தின்னுபோடும். தெனமும் அஞ்சு இருக்குதான்னு எண்ணிக்க."

அந்த முறை அவர் கிளம்பின மறுநாள் புரட்டாசி பிறந்தது. எங்கள் வீட்டில் புரட்டாசி முழுக்கக் கறி வாசலைத் தாண்டாது. மீனுக்கு மட்டும் தனிச் சட்டமா என்று நான் ஊறவைத்த கொண்டைக்கடலை போட்டேன், பெருமாளுக்குப் படைத்த சோற்றில் ஒரு உருண்டை போட்டேன். முகர்ந்துவிட்டு ஐந்தும் திரும்பிக்கொண்டன. நானே விரதம் இருக்கிறேன், உங்களுக்கு என்ன கேடு என்று திட்டினேன். ஆனால் எண்ணுவதை விடவில்லை. காலையில் ஐந்து, சாயங்காலம் ஐந்து.

பத்து நாளில் வர வேண்டியவர் பதிமூன்று நாளாகியும் வரவில்லை. கூடப் போன கிளீனர் காய்ச்சலோடு கல்கத்தாவிலேயே ரயில் ஏறி ஊர் வந்து சேர்ந்துவிட்டான், அண்ணன் தனியாக வண்டியைக் கொண்டுவருகிறார் என்றான். லாரி புக்கிங் ஆபீசில் கேட்டால், திரும்பி வரும் லோடு தாமதமாகியிருக்கும் என்று சொன்னார்கள். கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து அப்போதுதான் எனக்கு மூன்று மாதம், அதை அவரிடம் இன்னும் சொல்லக்கூட இல்லை.

அன்று சனிக்கிழமை, பட்டப்பகல் பன்னிரண்டரை மணி. படையல் போட்டுக் கற்பூரம் காட்டிவிட்டுத் திரும்பினால் கூடமெல்லாம் டீசல் வாடை. வாசலில் வண்டி எதுவும் இல்லை. தொட்டியைப் பார்க்கிறேன், காலையில் நான் மாற்றின கிணற்றுத் தண்ணீர் செம்மண் கலந்த மாதிரி கலங்கி நிற்கிறது, உள்ளே ஒன்றும் தெரியவில்லை. மேலே எண்ணெய் ஆடை. விரலை விட்டு முகர்ந்தேன். நாலு வருஷம் அவர் சட்டையைத் துவைத்தவளுக்கு டீசல் தெரியாதா? வண்டி எங்கேயோ தண்ணீரில் கிடக்கிறது. யாரும் சொல்லவில்லை, எனக்குத் தெரிந்துவிட்டது.

தலையைக்கூட முடியாமல் புக்கிங் ஆபீசுக்கு ஓடினேன். மீன் தொட்டி என்று சொன்னால் துரத்திவிடுவார்கள், அதனால் அதைச் சொல்லவில்லை. வண்டி தண்ணீரில் விழுந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். கனவு கண்டீர்களா என்று மேனேஜர் சிரித்தார். டெலிபோனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன்.

"கல்கத்தா ரோட்டுல விஜயவாடா ஆபீசுக்குப் போன் போடுங்க. போடற வரைக்கும் எந்திரிக்க மாட்டனுங்க. நான் ஒருத்தி இல்லீங்க, ரெண்டு உசுரு கேக்குது."

மேனேஜர் சிரிப்பை நிறுத்திவிட்டு டெலிபோனை எடுத்தார். டிரங்க் கால் கிடைத்ததும், வடக்கே போகிற நம்ம ஊர் வண்டிகளெல்லாம் ரோட்டோரத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே போகட்டும் என்று அங்கே சொல்லி வைத்தார்.

வீட்டுக்கு வந்தேன். வாடை இல்லை. தண்ணீர் பளிங்கு மாதிரி தெளிந்து கிடக்கிறது. மீன் நாலு. மூன்று தடவை எண்ணினேன், அடி மணலைக் கிளறிப் பார்த்தேன், ஒரு முள் இல்லை, ஒரு செதில் இல்லை. நான் பட்டினி போட்டதால்தான் ஒன்றை மற்றதுகள் தின்றுவிட்டன என்று உட்கார்ந்து அழுதேன். வெட்கத்தில் இதை யாரிடமும் சொல்லவில்லை, அதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்குச் சாயங்காலமே அவரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ராஜமுந்திரி தாண்டி ஒரு கால்வாயில், கோரைப்புல்லுக்குள், வண்டி கிடந்திருக்கிறது. தேடிப் பார்க்காதவன் கண்ணுக்குத் தெரியாத இடம். கேபினில் கால் மாட்டிக்கொண்டு, கழுத்து வரைக்கும் தண்ணீரில், ஒன்றரை நாள் இருந்திருக்கிறார். இன்னொரு ராத்திரி தாங்கியிருக்காது என்று அங்கே டாக்டர் சொன்னாராம்.

இருபது நாள் கழித்து மாவுக்கட்டோடு வந்து இறங்கினார். வாசலில் ஆரத்தித் தட்டோடு நிற்கிறேன். என் வயிற்றைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார், எனக்கு அதுவே போதும் போலிருந்தது. பிறகு குனிந்து காதோடு கேட்டார்.

"நாலுதான புள்ள இருக்குது?"

"ஆருங்க சொன்னாங்க?"

"கடேசி நாளு மத்தியானத்துல இருந்து ஒண்ணு எங்கூடவே இருந்துச்சு. கண்ணு சொருகறப்பெல்லாம் வெரல்ல ஒரு கடி. தூங்கியிருந்தன்னா தண்ணிக்குள்ள போயிருப்பேன்."

நண்டு கடித்திருக்கும் என்றார் டாக்டர். இருக்கட்டும், நானும் அப்படித்தான் நினைத்துப் பார்க்கிறேன். கணக்கு எப்படிச் சரியாக வந்தது என்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. அதற்கப்புறம் அந்த நாலும் இருந்தவரைக்கும் புரட்டாசியிலும் அதுகளுக்குக் கறி வந்தது, கொல்லைப்பக்கமாக, பெருமாளுக்குத் தெரியாமல்.

அன்றைக்கு வயிற்றில் இருந்த மகளுக்கே இப்போது மகள் இருக்கிறாள். இவர் சோறு பிசையும்போதெல்லாம் என் கண் அந்த மோதிர விரல் நுனிக்குப் போய்விடும். வரிசையாகச் சின்னச் சின்ன முக்கோணத் தழும்புகள். பன்னிரண்டு நாள் நான் பட்டினி போட்ட மீன் அது. தோலைத்தான் கிள்ளியிருக்கிறது, ஒரு பொட்டுச் சதைகூட எடுக்கவில்லை.